கொல்லையில் வளர்க்க எந்தக் கோழி: சிறுவிடை, பெருவிடை, கடக்நாத், வனராஜா

கேள்வி இதுதான்: "வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் கொல்லை இருக்கிறது. பதினைந்து கோழி வரை வளர்க்க ஆசை. ஒருவர் சிறுவிடை என்கிறார், ஒருவர் பெருவிடை என்கிறார், கடக்நாத்தில்தான் காசு என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்? எல்லாவற்றையும் கலந்து வளர்க்கலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கைந்து சிறுவிடைப் பெட்டையும் ஒரு நல்ல சேவலும் வாங்கித் தொடங்குங்கள். சிறுவிடை என்பது நம் ஊரின் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. மற்ற இனங்களை அதற்கு அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கொல்லையில் வளரும் கூட்டம் வருடா வருடம் தானே பெருக வேண்டுமென்றால் அடையில் உட்காரும் கோழி வீட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டும், பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும், பூனைக்கும் காக்காய்க்கும் காவல் இருக்க வேண்டும். இத்தனை வேலையையும் ஒரு தாய்க்கோழி எந்தச் செலவும் இல்லாமல் செய்துவிடும். திண்டுக்கல் பக்கத்தில் பல வருடமாக வீட்டோடு கோழி வளர்க்கிறேன். பல இனங்கள் வந்து போயிருக்கின்றன. சிறுவிடை மட்டும் ஒருநாளும் இல்லாமல் போனதில்லை.

சிறுவிடையைப் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் லேசாக நினைக்கிறார்கள். பெட்டை ஒரு கிலோவில் இருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, நல்ல கோழியாக இருந்தால் பதினைந்து கூட இடும். பிறகு கேற ஆரம்பித்து அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாளில் பொரிக்கும். அப்புறம் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடுதான் திரியும். இந்தக் கணக்கில் வருடத்துக்கு அறுபது முட்டை கிடைத்தால் நல்ல கோழி என்று சொல்லலாம். முட்டைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது குறைவாகத்தான் தெரியும். ஆனால் தாயின் பின்னால் திரியும் குஞ்சு முதல் வாரத்திலேயே என்னென்ன கற்றுக்கொள்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். எதைக் கிளற வேண்டும், எந்தப் பூச்சியைத் தின்னலாம், வானத்தில் நிழல் ஓடினால் எந்தச் செடிக்கு அடியில் பதுங்க வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும், எல்லாம் தாயிடம் இருந்துதான் வருகிறது. பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சைத் திறந்துவிட்டால் பருந்து இறங்கும்போது நின்று வேடிக்கை பார்க்கும்.

அடை வைக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கோடையில் நான்கைந்து நாளே அதிகம். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி எளிதாக உள்ளே இறங்கும். கூடையில் மணலோ தவிடோ பரப்பி மேலே வைக்கோல் போட்டு, வெளிச்சம் குறைந்த மூலையில் வையுங்கள். ஏழாம் எட்டாம் நாள் இரவில் டார்ச் அடித்து முட்டையைப் பார்த்தால் கருக்கூடியதில் சிலந்தி வலை போல ரத்த நாளம் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். கூமுட்டையைக் கடைசி வரை விட்டுவைத்தால் அது வெடித்து நல்ல முட்டையையும் கெடுத்துவிடும்.

அடை வேண்டாத நேரத்தில் கோழி உட்கார்ந்துவிட்டால் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது என்று ஊரில் பல வைத்தியம் உண்டு. அதெல்லாம் வேண்டாம், கோழிக்கு வீண் சித்திரவதை. அடியில் காற்றுப் புகும்படி கம்பி வலை போட்ட கூண்டில் மூன்று நான்கு நாள், வைக்கோல் எதுவும் இல்லாமல், தண்ணீரும் தீவனமும் வைத்து வெளிச்சத்தில் விட்டால் போதும். வயிற்றுச் சூடு தணிந்து கேறுவதை நிறுத்திவிடும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.

சிறுவிடை என்று நாம் சொல்வதற்குள்ளேயே பல வகை இருக்கிறது. கருங்கால், கொண்டைக்கோழி, கழுத்தில் இறகில்லாத கழுகுக்கோழி (சில ஊரில் கிராப்புக்கோழி என்பார்கள்), குட்டைக்கால் என்று ஊருக்கு ஊர் பார்க்கலாம். இதில் கழுகுக்கோழி எனக்கு மிகவும் பிடித்தது. பார்க்க அழகில்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். சித்திரை வெயிலில் மற்ற கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிழலில் கிடக்கும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். கழுத்து வழியாக உடம்புச் சூடு வெளியேறுவதும், உடம்பு முழுவதும் இறகு குறைவாக இருப்பதும்தான் காரணம். அந்தக் குணம் ஒற்றை மரபணுவில் வருவது, சாதாரணக் கோழியோடு சேர்த்தாலும் குஞ்சில் தெரியும். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கோழி இல்லை என்பேன்.

குட்டைக்காலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்து அடை வைத்தால் சுமார் கால் பங்கு முட்டை ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. இது தெரியாமல் அடைக்கோழி சரியில்லை என்று கோழி மேல் பழி போடுகிறார்கள். குட்டைக்கால் பெட்டைக்குச் சாதாரணக் கால் சேவலை விடுங்கள். பாதிக் குஞ்சு குட்டைக்காலாக வரும், எதுவும் வீணாகாது.

கால் நிறம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்று படித்திருப்போம். ஆனால் பல கோழிகளின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் உரிய மரபணு அதனிடம் இருந்து வரவில்லை, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மலைக்காட்டுப் பறவையின் சொத்து இன்று உலகம் முழுவதும் கோழிகளின் காலில் இருக்கிறது. சிறுமலை, கொடைக்கானல் பக்கம் அதன் கூவலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அடுத்தது பெருவிடை, அதாவது அசில் என்ற பெரிய உடம்புச் சண்டைக்கோழி. வளர்ந்த சேவல் நான்கு கிலோவைத் தொடும், நல்ல வர்க்கத்தில் அதற்கு மேலும் போகும். நீண்ட கழுத்து, உயர்ந்த கால், இறுகிய சதை, தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை. கீரி, மயில், காகம், செவலை என்று நிறம் பார்த்துப் பெயர் சொல்வார்கள். அழகுக்கு வளர்க்கும் கிளிமூக்கு விசிறிவால் தனி உலகம், அதற்குக் கண்காட்சியும் விலையும் தனி. கொல்லைக்காரருக்குத் தெரிய வேண்டியது வேறு. பெருவிடை வளர நாளாகும். குஞ்சுக்கு இறகு முளைக்கவே தாமதமாகும், மழைக்காலத்தில் பொரித்தால் வெறும் செந்தோலோடு நடுங்கும். பெட்டை முட்டைக்கு வர ஏழு எட்டு மாதம் ஆகலாம், முட்டையும் சிறுவிடையைவிடக் குறைவு. அடையில் உட்கார்வதில் குறையே இல்லை, ஆனால் கனம் அதிகம் என்பதால் முட்டை உடைகிறது. அதனால் பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைப்பதுதான் நான் கடைப்பிடிக்கும் வழி. முட்டை கொஞ்சம் பெரிது, எட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

பெருவிடைத் தாயின் வீரத்தையும் சொல்லியாக வேண்டும். கீரி வேலிக்குள் நுழைந்ததைப் பார்த்து இறகை விரித்துக்கொண்டு நேராகப் பாய்ந்து விரட்டிய பெட்டை என்னிடம் இருந்தது. குஞ்சோடு இருக்கும்போது வீட்டு நாய்கூட அதன் பக்கம் போகாது. அந்தச் சண்டைக் குணம் குஞ்சிலேயே தொடங்கிவிடுவதுதான் சிக்கல். சேவல் குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்திலேயே ஒன்றையொன்று கொத்திக் குதறும், தனித்தனியாகக் கட்ட இடம் வேண்டும். ஐந்து சென்ட் கொல்லையில் வளர்ந்த பெருவிடைச் சேவல் ஒன்றுக்கு மேல் சரிப்படாது. சண்டைக்கு விடுவதற்கென்று வாங்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். சட்டப்படியும் குற்றம், அந்தப் பறவைக்கும் கொடுமை.

கடக்நாத்துக்கு வருவோம். இது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களில் பில், பிலாலா பழங்குடி மக்கள் வளர்த்துவந்த கோழி. அங்கே காலி மாசி என்பார்கள். ஜாபுவா கடக்நாத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் இங்கே அதன் பேச்சு பெரிதாகக் கிளம்பியது. இறகு, தோல், கால், கறி, எலும்பின் மேல்சவ்வு வரை கருமை. முட்டை மட்டும் கருப்பு இல்லை, வெளிர் பழுப்பு. கருப்பு முட்டை என்று யாராவது விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எனக்கு அந்தக் கோழி பிடிக்கும். வெயிலைத் தாங்கும், நன்றாக மேயும், சாயங்காலம் ஆனால் மரத்தில் ஏறிவிடும், எளிதில் யார் கையிலும் சிக்காது. சேவல் ஒன்றரைக் கிலோ, பெட்டை ஒரு கிலோ அளவுதான். முட்டை வருடத்துக்கு எண்பது நூறு வரும், சிறியது. பெட்டை அடையில் உட்கார்வது அபூர்வம், உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து போய்விடும். ஆகவே கடக்நாத் மட்டும் வளர்ப்பவர் இன்குபேட்டரை நம்பித்தான் இருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் சிறுவிடை வேண்டும். அப்புறம் அந்த மருத்துவக் குணப் பேச்சு. அந்த நோய் தீரும் இந்த நோய் தீரும் என்பதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். கொழுப்பு குறைந்த, ருசியான கறி. அதுவே போதுமான காரணம்.

கடக்நாத்தில் ஏமாற்று அதிகம். அந்தக் கருமை ஆதிக்க மரபணுவில் வருவதால், நம் ஊர்க் கருங்கால் கோழியோடு சேர்த்துப் பொரித்த குஞ்சும் கருப்பாகத்தான் இருக்கும். வாங்கும்போது வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள், கொண்டையும் தாடியும் பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் யோசியுங்கள். தாய்க்கோழிகளை நேரில் காட்டுபவரிடம் வாங்குவதே நல்லது. விலை இவ்வளவு ஏறும், வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று ஒப்பந்தம் பேசுபவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஈமு வளர்ப்பில் கொங்கு மண்டலத்தில் எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

முட்டைதான் முக்கியம் என்றால் மேம்படுத்திய இனங்களைப் பார்க்கலாம். ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியவை வனராஜாவும் கிராமப்பிரியாவும். வனராஜா கறிக்கும் முட்டைக்கும், கிராமப்பிரியா முக்கியமாக முட்டைக்கு. கொல்லை வளர்ப்பில் வனராஜா வருடத்துக்கு நூறு நூற்றுப்பத்து, கிராமப்பிரியா நூற்றறுபதுக்கு மேல் கொடுக்கும். பெங்களூரில் உருவான கிரிராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நாமக்கல் கோழி-1 எல்லாம் இதே நோக்கத்தில் வந்தவைதான்.

வனராஜா குஞ்சை வாங்கியவுடன் கொல்லையில் திறந்துவிடக் கூடாது. முதல் ஆறு வாரம் அடைத்துவைத்து நல்ல குஞ்சுத் தீவனம் கொடுத்தே ஆக வேண்டும். முதல் வாரம் பல்புக்கு அடியில் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். வளர்ந்த பிறகு கதை தலைகீழ், அப்போது தீவனத்தை அள்ளிக் கொடுத்தால் கொழுத்துப்போய் முட்டை குறையும், காலும் தளரும். உடம்பு கனம், ஓட்டம் குறைவு. தெருநாய் நுழைந்த நாளில் சிறுவிடை கூரைமேல் இருக்கும், வனராஜாதான் மாட்டும். வேலி சரியில்லாத இடத்துக்கு நான் வனராஜாவைச் சொல்ல மாட்டேன், கிராமப்பிரியா எடை குறைவு என்பதால் தப்பிக்கும்.

இன்னொரு விஷயத்தை விற்பவர் யாரும் சொல்வதில்லை. இவை வேறு வேறு வர்க்கத்தைச் சேர்த்து உருவாக்கிய கலப்புக் கோழிகள். வீட்டில் இருக்கும் வனராஜா சேவலையும் பெட்டையையும் சேர்த்துப் பொரித்தால் வரும் குஞ்சு தாயைப் போல வளராது, முட்டையும் குறையும், ஒன்றுக்கொன்று அளவு மாறும். அந்த அளவு வேண்டுமென்றால் மறுபடி குஞ்சு பொரிப்பு நிலையத்தில்தான் வாங்க வேண்டும். அடையும் உட்காராது. மூன்று நான்கு பெட்டையை முட்டைக்கு என்று வைத்துக்கொள்வது சரி, கூட்டத்துக்கே அடித்தளமாக வைப்பது சரிப்படாது.

பிவி 380 என்ற பழுப்புக் கோழியையும் இப்போது நிறையப் பேர் வாங்குகிறார்கள். வருடத்துக்கு 250 முட்டைக்கு மேல் இடக்கூடிய கோழி அது, ஆனால் லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழிக்கான தீவனம் கொடுத்தால்தான். அரிசி, சோற்றுப் பருக்கை, மேய்ச்சல் மட்டும் என்றால் உடம்பில் உள்ள சுண்ணாம்பை எடுத்து முட்டைக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் நிற்க முடியாமல் படுத்துவிடும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் எப்போதும் வையுங்கள். சோனாலி என்பது ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்து நாட்டு ஃபயோமி பெட்டையையும் சேர்த்து வங்கதேசத்தில் உருவாக்கிய கோழி. சந்தையில் நாட்டுக்கோழி என்று விற்கும் கோழியில் இதுவும் உண்டு. வளர்க்கலாம், கெட்டது ஒன்றும் இல்லை. நாட்டுக்கோழி விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான். கின்னிக்கோழி ஒரு ஜோடி இருந்தால் பாம்பு வந்தாலும் ஆள் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டும், பக்கத்து வீட்டாரின் பொறுமையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். வான்கோழி மட்டும் கோழியோடு வேண்டாம். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் கருந்தலை நோய் கோழியை அதிகம் பாதிக்காது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

சரி, கலந்து வளர்க்கலாமா? தாராளமாக. பகலில் ஒன்றாக மேயட்டும், தீவனத்தை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் பெரிய கோழி சின்னதை அண்டவிடாது. இனம் கலக்கக் கூடாது என்றால் சேவலில்தான் கவனம். ஒருமுறை சேவல் மிதித்த பெட்டையின் உடம்பில் அந்த விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆகவே சுத்தமான கடக்நாத் குஞ்சு வேண்டுமானால் பெட்டையை மற்றச் சேவல்களிடம் இருந்து மூன்று வாரம் பிரித்துவைத்து, அதற்கு அப்புறம் கடக்நாத் சேவலோடு விட்டு, அதன்பின் இடும் முட்டையை மட்டும் அடைக்கு எடுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். தன் வம்சத்துச் சேவலையே தொடர்ந்து விடாமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியூர்ச் சேவல் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுக் கோழி எதுவானாலும் வாங்கி வந்த அன்றே கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள். சந்தையில் இருந்து வரும் ஒற்றைக் கோழி வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயைக் கொண்டுவந்தால் கொல்லையே காலியாகும். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று சொல்பவர்கள் உண்டு, வெள்ளைக்கழிச்சலுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. அதற்கான தடுப்பு மருந்தை ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டாக, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்தாக, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசியாகக் கொடுக்க வேண்டும், இந்த மூன்றையும் எந்த இனமானாலும் தவறவிடாதீர்கள். அம்மைக்கும் தனியாகத் தடுப்பூசி இருக்கிறது. அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் என்றைக்கு வர வேண்டும் என்று சொல்வார்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிடுங்கள்.

தாயோடு திரியும் குஞ்சுக்கு எங்கள் பக்கம் கரையான் பிடித்துக் கொடுப்போம். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்டை எல்லாம் திணித்து லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவைத்தால் காலையில் பானை நிறைய ஏறியிருக்கும். விடிந்ததும் எடுத்து உதறிவிட வேண்டும், வெயில் ஏறினால் இறங்கிப் போய்விடும். இதைத் தின்னும் குஞ்சின் வளர்ச்சி இரண்டு வாரத்தில் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் ஐந்து சென்ட்டுக்கு நான் போட்டுக் கொடுக்கும் கூட்டம் இது: ஐந்து சிறுவிடைப் பெட்டை, அதில் ஒன்றிரண்டு கழுகுக்கோழியாக இருந்தால் நல்லது. ஒரு சிறுவிடைச் சேவல். வீட்டு முட்டைக்கு மூன்று கிராமப்பிரியா. ஒரு வருடம் இதை நடத்திப் பாருங்கள். பிறகு ஆசை இருந்தால் கடக்நாத் முட்டையோ பெருவிடை முட்டையோ நம்பிக்கையானவரிடம் வாங்கி வந்து சிறுவிடைக்கு அடியில் வையுங்கள், வளர்ந்த கோழியாக வாங்குவதைவிடச் செலவும் குறைவு, நோய் வரும் வழியும் குறைவு. அடையைப் பனி குறைந்த தை கடைசியில் வைத்தால் குஞ்சுகள் கோடை மழைக்குள் இறகு கட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் பெருவிடைக் குஞ்சு பொரிக்கவே வேண்டாம்.